பதினேழு வட்டங்கள்

சார்லஸ் அந்தத் தாளை ஆலங்குடியில் ஒரு பிரவுசிங் சென்டரில் பிரிண்ட் எடுத்து, நாலாக மடித்து, சட்டைப் பையில் கரண்ட் பார்க்கிற டெஸ்டருக்குப் பக்கத்தில் செருகிக்கொண்டு வந்தான். வந்தவன் வண்டிக்கு ஸ்டாண்டுகூடப் போடாமல் சுவரில் சாய்த்தான். அதைப் பார்த்ததுமே ஷர்லிக்குத் தெரிந்துவிட்டது, புருஷனாருக்குச் சூடு ஏறியிருக்கிறது என்று.

“இது என்ன?” என்று தாளை விரித்து அவள் முன்னால் போட்டான்.

அவளுடைய விடைத்தாள்தான். குரூப் ஃபோர் பரீட்சை எழுதியவர்கள் அவரவர் விடைத்தாளை இணையத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று அறிவித்திருந்தார்கள். ரிசல்ட் அதற்கு முன்பே வந்துவிட்டது. கட்-ஆஃபுக்கு நாலரை மார்க் குறைவு. ஒரு கேள்விக்கு ஒன்றரை மார்க், ஆக மூன்றே மூன்று கேள்வி. லட்சக்கணக்கில் ஆட்கள் எழுதுகிற பரீட்சையில் மூன்று கேள்வியில் வேலை கைநழுவிப் போனால் அதை ஒருத்தி யாரிடம் போய்ச் சொல்லி அழுவாள்? ஷர்லி யாரிடமும் சொல்லவில்லை. இரண்டு நாள் தலைவலி என்று படுத்திருந்தாள். மூன்றாம் நாள் எழுந்து, தான் வேலை பார்க்கிற நர்சரி பள்ளிக்குப் போய் யுகேஜி பிள்ளைகளுக்கு அ, ஆ சொல்லிக்கொடுத்தாள்.

“அடியில பாரு. A எத்தனை, B எத்தனைன்னு நீயே எண்ணி கட்டத்துல எழுதியிருக்க. E-க்கு நேரா என்ன போட்டிருக்க? படி.”

“பதினேழு.”

“பதினேழு!” என்றான் சார்லஸ், பக்கத்து வீட்டுக்கும் சேர்த்து.

அந்தப் பரீட்சையில் ஒவ்வொரு கேள்விக்கும் ஐந்து வட்டம் உண்டு. நாலு வட்டம் நாலு விடைக்கு. ஐந்தாவதான E, ‘விடை தெரியவில்லை’ என்பதற்கு. தப்பாக எழுதினால் மார்க்கைக் குறைக்க மாட்டார்கள். ஆகவே கொஞ்சம் விவரம் தெரிந்த யாரும் அந்த ஐந்தாவது வட்டத்தின் பக்கமே போவதில்லை. தெரியாவிட்டால் கண்ணை மூடிக்கொண்டு நாலில் ஒன்றைக் கறுப்பாக்கிவிட்டு வந்துவிடுவார்கள். நாலுக்கு ஒன்றாவது விழுந்துவிடும். ஷர்லியோ பதினேழு இடத்தில் ‘எனக்குத் தெரியவில்லை ஐயா’ என்று கையெழுத்துப் போடாத குறையாக எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள்.

“ஏன் புள்ள இப்படிப் பண்ணுன?”

“தெரியல. அதான் தெரியலன்னு போட்டேன்.”

“தெரியலன்னா அடிச்சு விட வேண்டியதுதானே? எல்லாரும் அப்படித்தானே செய்யுறாக?”

“தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி காட்டுறது பொய்தானங்க? ஞாயித்துக்கெழமை மறைக்கல்வி வகுப்புல பிள்ளைகளுக்குப் பொய் சொல்லாதன்னு சொல்லிக்குடுக்குறது யாரு? நான்தானே? அப்புறம் குருட்டாம்போக்குல வாங்குன மார்க்க வச்சு, நெசமாவே தெரிஞ்ச ஒருத்தரோட வேலையை நான் எடுத்துக்கிறதா?”

பெண்டாட்டி திருடிவிட்டாள் என்றால் திட்டலாம். திருடவில்லை என்பதற்காக எப்படித் திட்டுவது? அவன் வாசலுக்குப் போனான், திரும்பி வந்தான், செம்பு நிறையத் தண்ணீர் குடித்தான்.

“நாலு கேள்வியாச்சும் விழுந்திருக்கும். நீ மட்டும் பாஸ் பண்ணியிருந்தா நான்…” என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்தி, வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

விட்டுப்போன அந்தப் பாதி வாக்கியம் ஷர்லியின் காதிலேயே நின்றது. அவளுக்கும் சார்லசுக்கும் கல்யாணமாகி அப்போது இரண்டு வருஷம். கத்தாரில் இருக்கிற அவனுடைய சித்தப்பா மகன் பீட்டர், தன் கம்பெனியில் மெயின்டனன்ஸ் வேலைக்கு அண்ணனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். வருகிற ஆடி மாதத்துக்குள் ஆள் எடுப்பார்கள், போனால் இரண்டு வருஷ ஒப்பந்தம். இங்கே சார்லஸ் போர்வெல் மோட்டார் மெக்கானிக். கீரமங்கலம் சுற்றுவட்டாரத்தில் தோட்டங்களுக்குக் குறைவில்லை, ஆனால் மழைக்காலம் வந்தால் மோட்டாரை ஓட்டுவாரும் இல்லை, அவனைத் தேடுவாரும் இல்லை. நர்சரி பள்ளிச் சம்பளம் பஸ்ஸுக்கும் பாலுக்கும் சரியாக இருக்கும். இரண்டு பேரில் ஒருவருக்கு நிலையான வேலை வேண்டும் என்பது பேசாமலே முடிவான விஷயம். அது ஷர்லிக்குக் கிடைத்துவிட்டால் சார்லஸ் போக வேண்டியதில்லை.

அதற்காகத்தான் அவள் படித்தாள். தாலுகா ஆபீசில் நாற்காலி போட்டு உட்கார வேண்டும் என்ற ஆசையெல்லாம் அவளுக்குக் கிடையாது. இந்த மனுஷன் ராத்திரி தன் பக்கத்தில் குறட்டை விட்டுக்கொண்டு கிடக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அதை அவனிடம் அவள் ஒரு நாளும் சொன்னதில்லை. “போறதுல ஒனக்கு ஒண்ணும் இல்லையே?” என்று அவன் கேட்டபோது, “எனக்கென்ன, ஒங்க இஷ்டம்” என்றாள். அவனுக்குப் போக ஆசை என்று நினைத்துக்கொண்டு அப்படிச் சொன்னாள். அவனிடமே கேட்டிருக்கலாம். கேட்டால் அவன் நிச்சயமாக ஒரு பதில் சொல்லிவிடுவான். அவளுக்கு அதுதான் பயம்.

சார்லஸ் எதையும் நிச்சயமாகச் சொல்கிற ஆள். ஒருதரம் திருவரங்குளத்தில் டீக்கடை வாசலில் நிற்கும்போது, ஒரு கார்க்காரர் கல்யாண மண்டபத்துக்கு வழி கேட்டார். இவன் கையை நீட்டி, “நேராப் போங்க, ரெண்டாவது சந்து, இங்கிட்டுத் திரும்புனா மண்டபந்தான்” என்றான். அரைமணி கழித்து அதே கார் முகூர்த்தத்தைக் கோட்டைவிட்ட முகங்களோடு எதிர்த் திசையில் போனது. “வழி தெரியுமா ஒங்களுக்கு?” என்று ஷர்லி கேட்டாள். “தெரியாது. கேட்டவுகளுக்கு ஒண்ணும் சொல்லாம எப்படி அனுப்புறது?” என்றான் அவன். இப்படிப்பட்ட ஒருவனையும் அப்படிப்பட்ட ஒருத்தியையும் ஒரே பலிபீடத்தின் முன்னால் நிறுத்தி மோதிரம் மாற்றவைத்தவர்களைத்தான் கேட்க வேண்டும்.

பதினேழு வட்டத்துச் சண்டை முடிந்து மூன்று நாள் இருவரும் சோறு, குழம்பு தவிர வேறு எதுவும் பேசிக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து திரும்பும்போது அவனுக்கு ஒரு போன் வந்தது. பெரியகருப்பன் என்கிற மல்லிகைத் தோட்டக்காரர். இரண்டு நாளாக மோட்டார் ஓடவில்லை, செடி வாடுகிறது என்றார். ஷர்லி பூசைக்குக் கட்டிய புடவையோடு வண்டியில் பின்னால் உட்கார்ந்திருந்தாள். வீட்டில் இறக்கிவிட்டுப் போக நேரமில்லை என்று அப்படியே தோட்டத்துக்கு ஓட்டினான்.

பெரியகருப்பன் போர் பக்கத்தில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். அறுநூறு அடி ஆழத்தில் கிடக்கிற மோட்டார். எரிந்துபோயிருந்தால் குழாய் முழுவதையும் வெளியே தூக்க வேண்டும். நாலு ஆள், ஒரு நாள் வேலை, அப்புறம் மோட்டாருக்குள் புதுச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிற வரைக்கும் பூவுக்குத் தண்ணீர் கிடையாது.

“எரிஞ்சே போச்சு சார்லசு. ஆளுகளைக் கூப்பிட்டுத் தூக்கிரு” என்றார்.

“அதெல்லாம் ஒண்ணும் எரியலண்ணே. ஸ்டார்ட்டர்தான். நான் பார்த்துக்கிறேன், நீங்க போய் நெழல்ல உக்காருங்க.”

அவர் நகர்ந்ததும் ஷர்லி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு கேட்டாள். “எப்படிக் கண்டுபிடிச்சீங்க? இன்னும் பெட்டியவே தெறக்கலையே.”

“கண்டுபிடிக்கல.”

“பின்னே ஏன் சொன்னீங்க?”

“அவரு பயந்து போயிருக்காரு. பயத்தோட பக்கத்துல நின்னா என்னையும் வேலை பார்க்க விடமாட்டாரு. கொஞ்சம் இந்த ஸ்குரூவ எல்லாம் கையில பிடி.”

ஷர்லி மூன்று நாளுக்குப் பிறகு முதல் தடவையாகச் சிரித்துவிட்டாள். அவன் அதைக் கவனிக்காதவன் மாதிரி வேலையை ஆரம்பித்தான்.

முதலில் கரண்ட் வருகிறதா என்று பார்த்தான். மூன்று ஃபேஸிலும் விளக்கு எரிந்தது. “கோளாறு லைன்ல இல்ல” என்றான். பியூசைப் பிடுங்கிப் பார்த்து, “இதும் இல்ல” என்றான். ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்து உள்ளே ஒவ்வொன்றாகத் தட்டி, தொட்டு, முகர்ந்துகூடப் பார்த்தான். “இதும் இல்ல” என்று அவன் சொன்னபோது ஷர்லி அவனையே பார்த்தாள். பெரியகருப்பனிடம் நிச்சயமாகச் சொன்னது அந்த ஸ்டார்ட்டரைத்தானே? அவனுக்கு அதில் வெட்கமே இல்லை. போருக்குள் இறங்குகிற கேபிளைக் கழற்றி, அதன் மூன்று வயரிலும் பல்பு வைத்துப் பார்த்தான். இரண்டு எரிந்தது, ஒன்று எரியவில்லை.

“இனிமே ரெண்டே ரெண்டுதான். ஒண்ணு, கேபிளு எங்கயோ அறுந்திருக்கு. இல்லேன்னா மோட்டாரு போயிருச்சு. எதுன்னு சொல்லு பார்ப்போம்.”

“தெரியலையே.”

“எனக்குந்தான் தெரியல. தூக்கிப் பார்க்கிறதுக்கு ஒரு நாளு ஆகும். மண்ணுக்கு மேல கெடக்குற கேபிளத் தடவிப் பார்க்க அஞ்சு நிமிசம். எதை முதல்ல பார்க்கணும்?”

“அஞ்சு நிமிசத்தை.”

“அம்புட்டுதான் இந்தத் தொழிலு” என்று சொல்லி, கேபிளைக் கையில் பிடித்துக்கொண்டே குனிந்து நடந்தான். போர் வாய்க்கு மூன்றடி முன்னால், பழைய சாக்குக்கு அடியில், எலி கடித்திருந்தது. ஒரு வயர் செம்பு தெரிய அறுந்து கிடந்தது. ஒட்டுப் போட்டு டேப் சுற்றிப் பட்டனை அமுக்கினதும், கொஞ்ச நேரம் வெறும் காற்றாக இருமிவிட்டுத் தொட்டியில் தண்ணீர் கொட்டியது. பெரியகருப்பன் ஓடி வந்து அந்தத் தண்ணீரில் முகத்தைக் கழுவினார். “ஸ்டார்ட்டருன்னு சொன்னியேப்பா?” என்று கேட்டார். “மோட்டாரு எரியலன்னும் சொன்னேன்ல? அதை மறந்துட்டீகளே” என்றான் சார்லஸ். அவர் போகும்போது ஷர்லியின் கையில் ஒரு பை நிறைய மொட்டுகளைக் கொடுத்து, “வச்சுக்க தாயி” என்றார்.

வீட்டுக்கு வந்ததும் சார்லஸ் கையைக்கூடத் துடைக்காமல், “அந்தக் கேள்வித்தாளு புத்தகம் வச்சிருப்பேல்ல, எடு” என்றான். விடைத்தாளைத்தான் வாங்கிக்கொள்வார்கள், கேள்விப் புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துவரலாம். அவள் அதைப் பைபிளுக்கு அடியில் வைத்திருந்தாள். அவன் முதலில் விரித்தது ஒரு கணக்கு. ‘அப்பாவின் வயது மகனின் வயதைப் போல் நான்கு மடங்கு. ஆறு ஆண்டுகள் கழித்து இரண்டரை மடங்கு ஆகும். மகனின் இப்போதைய வயது என்ன?’ கீழே ஆறு, ஒன்பது, பத்து, பதினைந்து என்று விடைகள்.

“இதுல எக்ஸ் போட்டு, ஒய் போட்டு, கடைசியில குழம்பிப் போச்சு” என்றாள் ஷர்லி. “நேரமும் போச்சு. அதான் விட்டுட்டேன்.”

“எக்ஸு எதுக்கு? வெடையத்தான் பக்கத்துலயே எழுதி வச்சிருக்கானே. ஒவ்வொண்ணா மாட்டிப் பாரு. மகனுக்குப் பதினஞ்சுன்னா அப்பனுக்கு அறுவது. ஆறு வருசம் போனா இவனுக்கு இருபத்தொண்ணு, அவருக்கு அறுவத்தாறு. மூணு மடங்குக்கும் மேல போவுது. இல்ல. பத்துன்னா நாப்பது. ஆறு போனா பதினாறு, நாப்பத்தாறு. மூணு மடங்குக்குக் கிட்ட வருது. இதும் இல்ல. ஒன்பதுன்னா?”

“முப்பத்தாறு. அப்புறம் பதினஞ்சு, நாப்பத்திரெண்டு. பதினஞ்சுக்கு ரெண்டரை மடங்கு முப்பத்தேழரை. இல்ல.” அவள் பேனாவை எடுத்திருந்தாள். “ஆறுன்னா இருபத்திநாலு. அப்புறம் பன்னெண்டு, முப்பது. அய்யோ, சரியா வருதுங்க.”

“பத்தாங்கிளாஸ்ல கணக்குல கோட்டடிச்சுப் பெயிலானவன் நான்” என்றான் சார்லஸ் பெருமையாக.

“இது கணக்கே இல்ல. திருட்டு.”

“வெடை அங்கயே கெடக்குது, எடுத்துப் பார்த்தா திருட்டா?”

சாயங்காலம் வரைக்கும் பதினேழையும் பார்த்தார்கள். ஒவ்வொன்றிலும் அவன் விடையைக் கேட்கவில்லை. “எது இல்லன்னு ஒனக்குத் தெரியும்?” என்றுதான் கேட்டான். ஒன்றில் இரண்டு விடைகளைக் கோடு போட்டு அடித்தாள். இன்னொன்றில் மூன்றையும் அடித்து, மிச்சம் நின்றதைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டாள். பதினேழில் பதினான்கு கேள்விகளில் அவளால் ஒரு விடையையாவது அடிக்க முடிந்தது. முழுக்க இருட்டாக இருந்தவை மூன்றுதான்.

சார்லஸ் புத்தகத்தை மூடினான். இப்போது அவன் குரலில் கேலி இல்லை.

“ரெண்டு வெடை இல்லவே இல்லன்னு ஒனக்கு நல்லாத் தெரிஞ்சிருக்கு ஷர்லி. தெரிஞ்சுக்கிட்டே ‘தெரியவில்லை’ன்னு எழுதிக் குடுத்துட்டு வந்திருக்க. அதுக்குப் பேரு என்ன?”

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். பொய்க்கு அத்தனை பயந்தவள் பதினான்கு பொய்யைத் தன் கையாலேயே எழுதிக் கொடுத்திருக்கிறாள் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. சார்லஸ் பயந்துபோய், “சரி சரி, அடுத்த தடவை பார்த்துக்கலாம், அதுக்குப் போயி” என்று அவள் தலையைத் தடவினான். கையில் இருந்த கிரீஸ் முழுவதும் அவள் முடியில் போனது.

அடுத்த பரீட்சை ஆடி மாதத்தில் ஒரு சனிக்கிழமை என்று அறிவிப்பு வந்தது. அதற்கு நடுவில் ஷர்லி படித்த படிப்பு வேறு மாதிரி இருந்தது. முன்பெல்லாம் தெரியாத ஒரு கேள்வியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அரைமணி அழுவாள். இப்போது சுலபமானது முதலில், யோசிக்க வேண்டியது பிறகு, இருட்டானது கடைசியில் என்று மூன்று சுற்றாகப் போனாள். பாத்திரம் கழுவும்போது சார்லஸ் கேள்வி வாசிப்பான். பிழையாகத்தான் வாசிப்பான். ‘நாடாளுமன்றம்’ என்று வந்தால் ஒருதரம் தொண்டையைச் செருமிக்கொள்வான். அவள் திருத்தித் திருத்தி அதிலேயே பாதி மனப்பாடம் ஆயிற்று.

ஆனால் அவள் மனத்தில் கேள்வித்தாளில் இல்லாத கேள்வி ஒன்று இருந்தது. இவருக்குப் போக ஆசையா? இதையும் அவள் அடித்து அடித்துப் பார்த்தாள். போகிறவன் வெல்டிங் பட்டறையில் குழாய் தூக்குவதற்குப் புதிதாக மூன்றுகால் ஸ்டாண்டு செய்யச் சொல்வானா? சொல்லியிருந்தான். போகிறவன் ஆடி போய் வருகிற தை மாதம் வந்து குழாய் மாற்றித் தருகிறேன் என்று பெரியகருப்பனிடம் வாக்குக் கொடுப்பானா? கொடுத்திருந்தான். பாஸ்போர்ட் எங்கே என்று பீட்டர் கேட்டதற்கு, தேட வேண்டும் என்றான். அது பீரோவில் மேல் தட்டில் இருப்பது அவனுக்குத் தெரியும். அப்படியானால் போக ஆசை இல்லை. ஆசை இல்லாதவன் ஏன் போகிறேன் என்கிறான்? அந்த இடத்தில் அவள் நின்றுபோனாள். அடிக்க எதுவும் கிடைக்கவில்லை. தள்ளிவைத்துவிட்டுப் படித்தாள்.

பரீட்சைக்கு முந்தின வாரம் பீட்டர் கூப்பிட்டான். கம்பெனி அவசரப்படுத்துகிறது, சனிக்கிழமை மதியத்துக்குள் அண்ணன் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், இல்லையென்றால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள் என்றான். ரிசல்ட் வர மூன்று மாதம் ஆகும், அதுவரை பொறுக்கச் சொல்ல முடியாது. “சரி, சனிக்கெழமை சொல்றேன்” என்று சார்லஸ் நிச்சயமாகச் சொன்னான். ஷர்லி அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். எட்டு மாதம் படித்த படிப்பு இப்போது எந்த நேரத்தில் எதைத் தடுக்கப் போகிறது என்று அவளுக்குப் புரியவில்லை.

சனிக்கிழமை காலை புதுக்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடம். சார்லஸ் ஏழரைக்கே கொண்டுவந்து இறக்கினான். ஹால்டிக்கெட், ஆதார், கறுப்பு பேனா இரண்டு என்று மூன்று தடவை எண்ணிக் கொடுத்தான். உள்ளே விடும்போது, “இல்லாததை அடிச்சிரு” என்றான். பக்கத்தில் நின்ற ஒரு பெண் இவர்களை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

இருநூறு கேள்வி, மூன்று மணி நேரம். முதல் சுற்றில் ஷர்லி நூற்று முப்பத்தொன்று முடித்தாள். இரண்டாவது சுற்றில் கணக்குகள். எக்ஸ் கேட்ட இடத்தில் விடையை எடுத்து மாட்டினாள், நாலாவது கணக்கில் சிரிப்பே வந்தது. மூன்றாவது சுற்றுக்கு இருபத்திரண்டு நின்றன. ஒவ்வொன்றிலும் இல்லாததை அடித்தாள். இரண்டு மிஞ்சினால் ஒன்றைக் கறுப்பாக்கினாள். இது பொய்யில்லை, எனக்குத் தெரிந்தது இவ்வளவு என்று சொல்கிறேன், அவ்வளவுதான் என்று ஒவ்வொரு தடவையும் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது, பன்னிரண்டு இருபத்தைந்துக்கு, ஒரே ஒரு கேள்வி மிச்சம். யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர் எந்தத் துறையில் என்ன பரிசு வாங்கினார் என்றது. அவர் பேரையே அவள் கேட்டதில்லை. நாலில் எதையும் அடிக்க முடியவில்லை. எதையாவது போடு என்று சார்லஸ் காதுக்குள் கத்தினான். ஷர்லி ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, ஐந்தாவது வட்டத்தைக் கறுப்பாக்கினாள். ஒன்றாவது அவள் கணக்கில் சுத்தமாக இருக்கட்டும்.

வெளியே மதில் நிழலில் புருஷன்மார் கூட்டம். தோளில் பிள்ளைகளைப் போட்டுக்கொண்டு பாதிப்பேர், போனைப் பார்த்துக்கொண்டு மீதிப்பேர். சார்லஸ் ஒரு தண்ணீர் பாட்டிலையும் எலுமிச்சஞ்சோற்றுப் பொட்டலத்தையும் வைத்துக்கொண்டு வண்டி மேல் உட்கார்ந்திருந்தான். அவளைப் பார்த்ததும் குதித்து எழுந்தான்.

“எப்படி?”

“எழுதியிருக்கேன்.”

“எத்தனை E?”

“ஒண்ணு.”

“அதையும் ஏன் விட்ட!” என்று தலையில் அடித்துக்கொண்டான். ஆனாலும் முகமெல்லாம் சிரிப்பு. “பாஸுதான் போ. நிச்சயம் பாஸு.”

“எப்படித் தெரியும்?”

அதற்குள் அவன் சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தான். பீட்டர். மணி ஒன்று ஆகப் போகிறது. சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

“எடுத்துச் சொல்லிர்றேன்” என்றான்.

“என்னன்னு?”

“வாரேன்னுதான். ரெண்டு வருசந்தானே, ஓடிப் போயிரும். அங்க ஒண்ணும் கஷ்டமில்ல. நீ பாஸ் பண்ணிட்டா ஒனக்கு வேலை, எனக்கு வேலை. ரெண்டு பேரும்…”

வழி கேட்ட கார்க்காரருக்குச் சொன்ன அதே குரல். நேராப் போங்க, ரெண்டாவது சந்து. போன் அடித்துக்கொண்டே இருந்தது.

“என்னங்க,” என்றாள். “இது ஒங்களுக்குத் தெரிஞ்சு சொல்றீங்களா, அடிச்சு விடுறீங்களா?”

அவன் அவளைப் பார்த்தான். போனைப் பார்த்தான். அடித்து அடித்து ஓய்ந்து போன் நின்றது.

“நீதானே சொன்ன,” என்றான் மெதுவாக. “பீட்டரு கத்தார் காசுல கட்டுன வீட்டுப் பால்காய்ச்சுக்குப் போயிட்டு வரும்போது. மாடிப்படி ஏறி எறங்கி, ‘நல்லாக் கட்டியிருக்காக, கண்ணு நெறஞ்சு போச்சு’ன்னு சொன்ன. அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன். ஒனக்கு அது வேணும்போலன்னு.”

ஷர்லிக்கு நினைவே இல்லை. எந்த வீட்டுப் பால்காய்ச்சுக்குப் போனாலும் எல்லாரும் சொல்கிற வார்த்தை. அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு இந்த மனுஷன் கத்தார் வரைக்கும் போகக் கிளம்பிவிட்டான். தானும் என்ன லட்சணம்? ‘ஒங்க இஷ்டம்’ என்று சொல்லிவிட்டு எட்டு மாதம் மனத்துக்குள்ளேயே அழுதிருக்கிறாள். மற்ற எல்லாவற்றிலும் உண்மை பேசுகிறவள் இதில் மட்டும் வாயைத் திறக்கவில்லை.

“ஒங்களுக்குப் போகணும்னு இருக்கா, இல்லையா? எனக்காகச் சொல்லாதீங்க.”

சார்லஸ் பொட்டலத்தை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினான். ஒரு பிள்ளை எங்கோ அழுதது.

“தெரியல ஷர்லி,” என்றான். “போகவும் பிடிக்கல, இங்க இருந்து ஒனக்கு ஒண்ணும் செய்ய முடியாமப் போயிருமோன்னும் பயமா இருக்கு. நெசமாவே தெரியல.”

கல்யாணமாகி இத்தனை நாளில் அவன் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தையை அவள் கேட்டதில்லை. தோள் இரண்டும் தொங்கிப்போய், பள்ளிக்கூடத்துக்கு முதல்நாள் வந்த பிள்ளை போல நின்றான். அவளுக்கு அவன் மேல் அப்படி ஓர் ஆசை பொங்கியது.

“எனக்குத் தெரியும்,” என்றாள். “போகாதீங்க. நான் பாஸ் பண்ணாலும் சரி, பண்ணலைன்னாலும் சரி. மாடி வீடெல்லாம் எனக்கு வேணாம். நீங்க வீட்டுல இருக்கணும். எனக்கு அது போதும்.”

சுற்றி ஆட்கள் நின்றார்கள். அவள் சத்தத்தைக் குறைக்கவில்லை. சார்லஸ் தலையைக் குனிந்துகொண்டு, சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தான். வெயில் என்று பக்கத்தில் நின்றவர்கள் நினைத்திருப்பார்கள்.

போன் மறுபடியும் அடித்தது. இந்தத் தடவை அவன் எடுத்தான்.

“பீட்டரு… ம்… இல்லப்பா, நான் வரல.” அந்தப் பக்கத்திலிருந்து ஏதோ கத்தினான் பீட்டர். “கோவிச்சுக்காத. ரிசல்ட்டா? அது வரட்டும், வராமப் போகட்டும். வீட்டுல என்னைய விட மாட்டேங்குதுப்பா.”

சொல்லிவிட்டு போனைப் பையில் போட்டான். மதில் ஓரமாக இருவரும் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தார்கள். சோறு கொஞ்சம் காய்ந்து போயிருந்தது. ஷர்லி பாட்டில் தண்ணீரை அதில் தெளித்துப் பிசைந்து, முதல் வாயை அவனுக்குக் கொடுத்தாள்.